உயிர்மருத்துவ அறிவியலை அரசுக் கல்லூரிகளிலும் தொடங்குங்கள்

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைக்கும் பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவில், நோயின் காரணங்களை ஆராயும் உயிர்மருத்துவ அறிவியல் இளநிலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்துவருகிறேன். எங்கள் வளாகத்தில் காலையில் விலங்கியலும் வேதியியலும் அரசு உதவியோடு நடக்கின்றன. மதியம், அதே கட்டடத்தில், பல மடங்கு கட்டணத்தில் எங்கள் படிப்பு நடக்கிறது. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைக்குக் கல்விக் கட்டணமே கிடையாது என்பது இம்மாநிலத்தின் பெருமை. ஆனால் இதுபோன்ற புதிய பாடங்கள் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவுகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலுமே தொடங்கப்படுவதால், அந்தச் சலுகை எங்கள் மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியலினக் குடும்பங்களுக்குக் கல்வி உதவித்தொகை உண்டுதான். எனினும் கல்லூரி பணம் கேட்பது ஜூனில், உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வருவதோ பல மாதங்கள் கழித்து. இடையில் வட்டிக்கு வாங்கிக் கட்டிய பெற்றோரை நான் அறிவேன்.

கட்டணத்தோடு செலவு முடிந்துவிடுவதும் இல்லை. வெள்ளை அங்கி, ரெக்கார்டு நோட்டு, மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்வரும் பேருந்துச் செலவு எல்லாம் போக, இறுதிப் பருவத்தில் ஆய்வுத்திட்டம் வருகிறது. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்து தங்கிப் படித்த மாணவி ஒருவர், நீலகிரிப் பழங்குடியினரிடையே காணப்படும், இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள்செல் சோகையைப் பற்றி ஆய்வுசெய்ய விரும்பினார். அவருடைய சித்தப்பா மகனுக்கு அந்நோய் இருந்தது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் கருவி எங்கள் ஆய்வகத்தில் இல்லை; வெளியே விசாரித்த தனியார் ஆய்வகம் கேட்ட தொகை, ஒரு பருவக் கட்டணத்தில் பாதி. கடைசியில் அவர் கீழாநெல்லிச் சாற்றை, பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் விட்டு, பாக்டீரியா வளராத வட்டத்தை அளவுகோலால் அளந்து, அதையே சமர்ப்பித்தார். அதே வகுப்பில் வசதியுள்ள மூவர் பெங்களூருக்குப் போய்ச் செய்துவந்தார்கள். மேற்படிப்பு நேர்காணலில் எந்த ஆய்வுக்கு மதிப்பு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை 2020-இல் மருத்துவத்துக்கும், அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவந்த அரசு, அவ்வொதுக்கீட்டில் சேருவோரின் கட்டணத்தையும் ஏற்றது. மருத்துவர் ஆக வழி கிடைத்த அதே பள்ளியின் பிள்ளைக்கு, நோயின் காரணத்தை ஆராயும் படிப்பில் அவ்வழி இல்லை. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் உண்மையிலேயே உதவுகிறது. அதை வைத்துத்தான் என் மாணவிகள் சிலர் விடுதியில் சாப்பிடுகிறார்கள். ஆனால் அதைக்கொண்டு பருவக் கட்டணம் கட்ட முடியாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருவோரும் தமிழ்வழியில் படித்தோரும் எங்கள் வகுப்பில் குறைவாக இருப்பதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. அவர்களில் பலர் விண்ணப்பிக்கும் முன்பே கட்டண விவரத்தைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள்.

எனவே, மாவட்டத் தலைநகர் அரசுக் கல்லூரிகளிலாவது இப்படிப்பை வழக்கமான பிரிவில் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, உதவித்தொகை வந்துசேரும் முன் கல்லூரிகள் கட்டணம் கேட்டு நெருக்குவதைத் தடுக்க வேண்டும். இறுதிப் பருவ ஆய்வுக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களைக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்குப் பெரிய நிதி தேவைப்படாது, ஓர் ஆணை போதும். வரும் டிசம்பரில் ஆய்வுத் தலைப்புகளை முடிவுசெய்யும் முன் அது வெளிவந்தால், இப்போது இறுதியாண்டில் இருப்பவர்களுக்கே பயன்படும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் உதவிப் பேராசிரியர்