மின்டெலோவை விட்டுக் கிளம்புவதற்கு முன்

அன்புள்ள கண்ணு,

அட்லாண்டிக்கைக் கடக்கும் வழியில் கேப் வெர்டேயின் மின்டெலோ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த செய்தியும் படங்களும் கிடைத்தன. பதில் எழுத நாலு நாளாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் தேவலை. மற்ற செய்தியெல்லாம் அவள் எழுதுவாள். நான் படகைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஹல்யார்டு, பாயை ஏற்றும் கயிறு. கனேரித் தீவுகளிலிருந்து நீங்கள் ஓடி வந்த 850 கடல் மைலும் அந்தக் கயிறு பாய்மர உச்சி உருளையில் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். பார்படோஸ் வரை இன்னும் ஏறத்தாழ 2,100 மைல். ஐந்தரை நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகம் கிடைத்தால் பதினாறு நாள். கயிறு அறுவது புயலில் இல்லை, நல்ல காற்றில்தான். ஒரே பக்கக் காற்று, ஒரே ஆட்டம், ஒரே இடத்தில் லட்சம் முறை உரசல். கிளம்புமுன் நுனியில் அரை மீட்டர் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடு. கடலில் தினம் ஒரு தரம் நாலு விரல் அளவு தளர்த்து, அடுத்த நாள் இழு. முன்பாயை விரித்துப் பிடிக்கும் கழியின் நுனியில் பாயை இழுக்கும் ஷீட் கயிறு உரசும் இடத்துக்கும் இதே வைத்தியம். அந்தக் கழியை நீ கட்டியிருந்த அழகைப் படத்தில் பார்த்தேன். மேலே ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று கயிறும் தனித்தனியாக இழுத்து நிறுத்தியிருந்தாய். நான் அந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

பெரிய பாயின் அடிக்கட்டையான பூம் திடீரென மறுபக்கம் வீசாமல் அடக்கும் பிரிவென்டர் கயிறு பூமின் நடுவிலிருந்து வரக்கூடாது. நுனியிலிருந்து படகின் முன்முனையான அணியம் வரை போய், அங்கே ஒரு உருளை வழியாகத் திரும்பி, சுக்கான் பிடிக்கும் இடமான காக்பிட்டுக்கு வரவேண்டும். நடுவில் கட்டினால், பூம் கடலில் தோயும் அன்றைக்கு அந்த இடத்திலேயே மடங்கும்.

பாய்மரத்தைத் தாங்கும் ரிக்கிங் கம்பிகளை அடிமுனையில் டிஷ்யூ காகிதத்தால் துடைத்துப் பார். ஒரு இழை விட்டிருந்தாலும் காகிதம் மாட்டிக் கிழியும். கண்ணுக்குத் தெரியாதது இப்படித்தான் தெரியும். டீசல் ஃபில்டர் ஆறாவது கையிருப்பு வேண்டும், இரண்டு போதாது. தொட்டியின் அடியில் வருஷக்கணக்காகத் தூங்கிய கசடு கடலாட்டத்தில்தான் எழுந்து வரும். ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் சக்கரமான இம்பெல்லரை மாற்ற நேர்ந்தால் பழையதன் இறக்கைகளை எண்ணு. ஒன்று குறைந்தால் அது ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்பாய். அவர் எஞ்சினில் கெட்டி. ஆனால் அவர் தூங்கும் நேரத்தில்தானே எஞ்சின் நிற்கும்?

கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கரை நம்பிக் கிளம்பாதே. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர், இரண்டு பேர், பதினேழு நாள் என்றால் நூறு லிட்டர் ஆகிறது. நூற்றைம்பதைத் தொட்டியில் சேர்க்காமல் தனியாகக் கேன்களில் வை. கேனை விளிம்பு வரை நிரப்பாமல் பத்தில் ஒன்பது பங்கோடு நிறுத்தினால், படகைக் கைவிடும்படி ஆனாலும் மிதந்து கூட வரும்.

வழியில் சர்காசம் பாசி வரும். மஞ்சள் கம்பளம் போலப் பரந்து கிடக்கும். சுக்கானில் சுற்றும், படகின் ஓட்டத்தில் சுழன்று மின்சாரம் தரும் ஹைட்ரோ ஜெனரேட்டரின் இறக்கையில் சுற்றும், பாட்டரி ஏறாது. ஒரு நாளில் நாலைந்து தரம் பின்புறம் குனிந்து அதை எடுத்துப்போட வேண்டியிருக்கும். அப்படிக் குனியும்போது... சரி, அதைப் பிறகு சொல்கிறேன்.

இருட்டுவதற்கு முன் பாயைக் குறைத்துவிடு. வியாபாரக் காற்று இருபது நாட் வேகத்தில் அழகாக அடித்துக்கொண்டிருக்கும். இரவில் ஒரு கருமேகம் பின்னாலிருந்து வந்தால் பத்து நிமிஷம் முப்பத்தைந்து நாட் அடிக்கும். மழைக்கு முன்னால் காற்று வரும், மழையோடு அல்ல. அந்த நேரத்தில் பாய்மரத்தடிக்குப் போய் ரீஃப் போட்டுப் பாயைச் சுருக்கும் நிலைமை வரக்கூடாது. அரை நாட் வேகம் போனால் போகட்டும்.

இரவில் முன்னே போவது என்றதும் மூன்றாவது படம் ஞாபகம் வருகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். முன்தளத்தில் கழியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்கிறாய். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறாய். உன்னைப் படகோடு பிணைக்க வேண்டிய டெதர் பட்டை மார்பிலிருந்து தொங்குகிறது. அதன் கொக்கி உன் இடுப்பு வளையத்திலேயே மாட்டியிருக்கிறது.

படகு ஆறு நாட் வேகத்தில் போனால் நிமிஷத்துக்கு 185 மீட்டர். மூன்று மீட்டர் அலையில் ஒரு தலை கண்ணுக்குத் தெரிவது அவ்வளவு தூரம் கூட இல்லை. உள்ளே தூங்குகிறவர் கண் விழித்து, மேலே வந்து, கழியில் கட்டிய முன்பாயை இறக்கி, பிரிவென்டரை விடுவித்து, எஞ்சினைப் போட்டுத் திருப்பப் பத்து நிமிஷம் ஆகும் என்று வைத்துக்கொள். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் நீ விழுந்த சத்தம் அவர் காதில் விழுந்திருந்தால். விழாவிட்டால், காவல் மாறும் நேரம் வரை யாருக்கும் தெரியாது.

பிரெஞ்சு மாலுமி எரிக் டபார்லியைவிடத் தேர்ந்தவர் யார்? அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் பந்தயத்தை 1964லும் 1976லும் வென்றவர். 1998 ஜூனில் ஐரிஷ் கடலில் ஒரு இரவு, பாய் வேலையின்போது தவறி விழுந்தார். படகோடு பிணைக்க உடம்பில் மாட்டும் ஹார்னஸ் இல்லை. கூடப் படகில் ஆட்கள் இருந்தார்கள், தேடினார்கள், கிடைக்கவில்லை.

மாட்டினால் மட்டும் போதும் என்றும் நினைக்காதே. 2017இல் தெற்குப் பெருங்கடலில், உலகைச் சுற்றும் பந்தயப் படகு ஒன்றில், முன்தளத்தில் வேலை செய்தவர் கொக்கியை மாட்டித்தான் இருந்தார். விழுந்தபோது கொக்கி கயிறு கட்டும் ஒரு கிளீட்டுக்கு அடியில் சிக்கி, பக்கவாட்டில் இழுபட்டு, வளைந்து கழன்றது. கொக்கி நேராக இழுபடுவதற்காகச் செய்யப்பட்டது, நெம்புவதற்காக அல்ல. ஆகவே டெதரை மாட்டத் தளத்தில் நீளவாக்கில் கட்டும் உன் ஜாக்லைன் போகும் வழி நெடுக என்னென்ன துருத்திக்கொண்டிருக்கிறது என்று பார்.

ஜாக்லைன் பாலியெஸ்டர் பட்டையாக இருக்க வேண்டும். நைலான் நனைந்தால் நீளும், உருண்டைக் கயிறு காலடியில் உருளும். வெயிலில் பட்டைக்கு முன் தையல்தான் போகும். நகத்தால் கீறிப் பார், நூல் பொடிந்தால் தூக்கிப் போடு. அணியத்துக்கும் பின்முனைக்கும் இரண்டு மீட்டர் முன்பாகவே முடித்துக் கட்டு. விழுந்தாலும் படகின் ஓரத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஆறு நாட் வேகத்தில் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு போகிறவருக்குக் கட்டியிருப்பதும் ஒன்றுதான், கட்டாததும் ஒன்றுதான். அதனால்தான் இரண்டு கொக்கி வைத்த டெதர். முன்தளத்தில் ஒரு மீட்டர் கிளை, நடக்க இரண்டு மீட்டர் கிளை. ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்று. படிக்கட்டில் நிற்கும்போதே, தலை வெளியே வருமுன், முதல் கொக்கி மாட்டியாக வேண்டும். பாசியை எடுக்கக் குனியும்போதும் குட்டைக் கிளைதான். மாப்பிள்ளையிடம் இதை நான் சொல்ல முடியாது, நீ சொல்: இரவில் பின்புறம் நின்று சிறுநீர் கழிக்க வேண்டாம், வாளி இருக்கிறது.

ஜாக்கெட்டை ஊதும் வாயு சிலிண்டரைத் திருகி இறுக்கி, எடை போட்டு, அதன் மேல் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிடு. தானாகத் திறக்கும் பகுதியின் காலாவதித் தேதியைப் பார். கால் இடுக்குப் பட்டையைப் போடு. போடாவிட்டால் ஜாக்கெட் முகத்துக்கு மேல் ஏறிவிடும், நீ கீழே போவாய். ஆபத்துச் சிக்னல் அனுப்பும் இபெர்ப் கருவியின் பதிவில் என் பழைய தொலைபேசி எண் இருந்தால் மாற்று. சிக்னல் வந்தால் மீட்பு மையம் முதலில் கூப்பிடுவது அந்த எண்ணைத்தான். நான் எடுக்க வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன் என்று கோபிக்காதே. பகல், அமைதியான கடல், ஒரு நிமிஷ வேலை, இந்த மூன்றும் சேரும்போதுதான் கொக்கி இடுப்பிலேயே இருக்கும். உன் படத்தில் மூன்றும் இருந்தன.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பழைய படகில் உன்னையும் தம்பியையும் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு நான் வெறுமனே முன்னே போவேன். ஒரு தரம் நீ கேட்டாய், "அப்பா, உங்க கொக்கி?" உனக்கு ஒன்பது வயது. "எனக்குப் பழக்கம்மா" என்றேன். அந்த வாக்கியத்தை எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன் என்று நாலு நாளாக யோசிக்கிறேன். அந்தப் படத்தில் நீ நிற்கிற மாதிரி, இடது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து, அது நான் நிற்கிற மாதிரி.

மஞ்சள் டப்பாவில் பழைய டெதர் ஒன்று இருக்கும், அதைப் பயன்படுத்தாதே. துறையில் படகு நிற்கும்போதே, பகலில், காக்பிட்டிலிருந்து அணியம் வரை இரண்டு கொக்கியும் மாற்றி மாற்றி மாட்டி நடந்து பார். எந்த இடத்தில் கை எட்டவில்லை, எந்த இடத்தில் கொக்கி சிக்குகிறது என்று எழுது. கிளம்புமுன் எழுது.

அப்பா