நைனாவுக்கு, கோர்ட்டெஸ் தீவுக்குப் போய்வந்த சேதி

சர்ரே, கனடா
ஜூன் 22

அன்புள்ள நைனாவுக்கு,

நீயும் அம்மாவும் சௌக்கியமா? முட்டி வலிக்கு டாக்டர் குடுத்த மாத்திரைய நடுவுல நிறுத்தாத. மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு லாஞ்சுங்க எல்லாம் கிளம்பியிருக்கும், காசிமேடு மறுபடி களை கட்டியிருக்கும். வஞ்சிரம் என்ன விலைக்கு ஏலம் போகுதுன்னு அண்ணனைச் சொல்லச் சொல்லு.

போன்ல பேச ஆரம்பிச்சா டியூட்டி நேரம் வந்துடுது, அதான் எழுதறேன். போன வாரம் கோர்ட்டெஸ்னு ஒரு தீவுக்குப் போயிட்டு வந்தேன். அங்க ஹாலிஹாக்னு ஒரு இடம். ஓஞ்சுபோன மனுஷங்க கொஞ்ச நாள் தங்கி உடம்பையும் மனசையும் தேத்திக்கிட்டு, கூடவே ஏதாவது ஒண்ணு கத்துக்கிட்டு வர்ற இடம். எங்க முதியோர் இல்லத்துல இருக்கற ஒரு பெரிய நர்ஸ் அக்கா இதுக்குப் பணம் கட்டி வச்சிருந்தாங்க. கடைசி நேரத்துல அவங்க பொண்ணுக்குப் பிரசவம் வந்துடுச்சு. "நீ போயிட்டு வா, உனக்குத்தான் இது வேணும்"னு என் பேருக்கு மாத்திட்டாங்க. ராத்திரி டியூட்டி பாத்துப் பாத்து நான் எப்படி ஆயிட்டேன்னு கூட வேலை செய்யறவங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட நான் சொல்லல, அவ்வளவுதான்.

போய்ச் சேரவே ஒரு பகல் முழுக்க ஆகுது. வான்கூவர் பக்கத்துல ஹார்ஸ்ஷூ பேங்கற இடத்துல காரோட ஃபெர்ரி ஏறி நனைமோல இறங்கணும். அங்கேருந்து ரோட்டு வழியா 150 கிலோமீட்டர் போனா கேம்ப்பெல் ரிவர். அப்புறம் சின்ன ஃபெர்ரில குவாட்ரா தீவு, அதைக் குறுக்கால தாண்டி இன்னொரு ஃபெர்ரி முக்கால் மணி நேரம். இறங்கற துறைக்குப் பேரு வேல்டவுன். 1869ல அங்க திமிங்கிலத்தைப் பிடிச்சு, கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுத்திருக்காங்க. ஹாலிஹாக்கை 1982ல ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் ரெக்ஸ் வெய்லர். கிரீன்பீஸ்ங்கற சுற்றுச்சூழல் அமைப்பு ஆளுங்க திமிங்கில வேட்டைய எதிர்த்து நடுக்கடலுக்குப் போனப்ப கூடவே கேமராவோட போனவர். திமிங்கிலத்தை உரிச்ச தீவுலயே அப்பேர்ப்பட்டவர் வந்து உக்காந்தது எனக்கு ரொம்ப நியாயமாப் பட்டுது.

தீவு முழுக்க ஆயிரம் பேர் அளவுக்குத்தான் சனம். நம்ம பக்கம் ரெண்டு தெருவுலயே அவ்வளவு பேர் இருப்போம். அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கற அளவுக்கு தேவதாரு மரங்க, அதுக்குள்ள மர வீடுங்க, நடுவுல பெரிய தோட்டம். காலைல யோகா, தியானம் எல்லாம் உண்டு. எனக்கு அதைவிடத் தூக்கம்தான் மருந்து. ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருந்தும், படுத்த உடனே தூங்கிட்டேன். எக்ஸ்பிரஸ் ரோட்ல கண்டெய்னர் லாரி ஓடற சத்தத்துல வளர்ந்தவ நான். அப்படி ஒரு அமைதில தூங்கினதே இல்ல.

அம்மாகிட்ட சொல்லு, சாப்பாடு பெரும்பாலும் சைவம். தோட்டத்துல பறிச்ச கீரைய வேக வைக்காமலே போடறாங்க. மேல ஊத்திக்க ஈஸ்ட் பொடி, எண்ணெய், சோயா சாஸ், ஆப்பிள் காடி, பூண்டு சேத்து அடிச்ச ஒரு சாஸ் வச்சிருக்காங்க, அந்த இடத்துக்கே பேர் போனது. புளிப்பும் உப்பும் தூக்கலா நல்லா இருந்துச்சு.

இப்ப நான் உனக்குச் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல கடல் ஏறி வத்தறது ஒரு மீட்டர் அளவுக்குத்தானே? இங்க பெரிய வத்தத்துக்கும் பெரிய ஏத்தத்துக்கும் நடுவுல ஏறக்குறைய 5 மீட்டர் வித்தியாசம். மூணு ஆள் உசரம்! கோடைல பெரிய வத்தம் பகல்ல வருது, குளிர்காலத்துல ராத்திரில வருது. ஒரு நாள் எங்களுக்குப் பாடம் எடுக்க இந்த மண்ணோட ஆதிகுடி அம்மா ஒருத்தங்க வந்தாங்க. தீவுல க்ளஹூஸ் மக்களோட ஊர் இருக்கு, ஐரோப்பாக்காரங்க கப்பல்ல வந்த 1792க்கு ரொம்ப முன்னாடியிருந்தே அவங்க கரை இது. ரூமுக்குள்ள உக்கார வைக்காம, வத்தம் வர்ற நேரம் பாத்து எங்களைக் கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தண்ணி பின்வாங்கப் பின்வாங்க, காலையில நான் அலை பாத்த இடம் நடக்கற தரையா ஆயிடுச்சு. பாறையெல்லாம் ஆளிச் சிப்பி ஒட்டிக்கிட்டிருக்கு. ஊதா நிறத்துல கடல் நட்சத்திரம், என் உள்ளங்கைய விடப் பெருசு. ஒரு கல்லைப் பொரட்டினேன், அடியில நகத்தளவு நண்டுங்க குபுகுபுன்னு ஓடுச்சு. "பாத்தாச்சுன்னா கல்லை அது இருந்த மாதிரியே வை, அது அதுங்களோட கூரை"ன்னாங்க. நீ என்னை எண்ணூர் முகத்துவாரத்துக்கு இறால் தடவக் கூட்டிட்டுப் போனப்ப சேத்தைக் கலக்காம நடன்னு சொல்லுவியே, அதே குரல்.

அப்புறம் மட்டிச் சிப்பி வளக்கற மட்டித் தோட்டம் பத்திச் சொன்னாங்க நைனா. கடல் ரொம்ப வத்தற கோட்டுல இவங்க முன்னோருங்க கல்லை உருட்டிட்டு வந்து, முட்டி உசரத்துக்கு ஒரு வரப்பு கட்டுவாங்களாம். அலை கொண்டு வர்ற மண்ணு அந்த வரப்புக்குப் பின்னால தங்கித் தங்கி, சரிவா இருந்த கரை சமதளமாயிடும். மட்டிக்குப் புடிச்ச மட்டத்துல அந்த நிலம் நிக்கும். பக்கத்துல குவாட்ரா தீவுல ஆராய்ச்சிக்காரங்க தோண்டிப் பாத்து, இந்த வரப்புங்கள்ல சிலது 3,500 வருஷம் பழசுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. வரப்பு உள்ள கரைல சில வகை மட்டி, மத்த கரைய விட நாலு மடங்கு இருக்காம். தலைமுறை தலைமுறையா கல்லைச் சரி பண்ணி, மணலைக் கிளறிவிட்டு, பெருசை மட்டும் எடுத்துக்கிட்டு வாழ்ந்திருக்காங்க.

கேக்கறப்பவே எனக்கு நெஞ்சு அடைச்சுது. நம்ம கரைலயும்தான் கல்லு போட்டாங்க. ஆயா சொல்லுமே, ராயபுரத்துல வலை காயப்போட, கருவாடு காயவைக்க மணல் இருந்துச்சுன்னு. 1875ல ஹார்பர் கட்ட ஆரம்பிச்சாங்க. தெக்கேருந்து வடக்க போற மண்ணை ஹார்பர் சுவர் மறிச்சுது. மறிச்ச மண்ணு அந்தப் பக்கம் மெரினாவா விரிஞ்சுது, இந்தப் பக்கம் கடல் நம்ம வீடுங்களைத் தின்னுச்சு. அதுக்கப்புறம் நம்மளைக் காப்பாத்தறோம்னு ராயபுரத்துலேருந்து எண்ணூர் வழி நெடுகக் கருங்கல்லைக் கொட்டினாங்க. எங்க மண்ணு தங்கும், எங்க அரிக்கும்னு நம்ம பெரியவங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா? 2023 டிசம்பர்ல வெள்ளத்தோட எண்ணெய் கலந்து முகத்துவாரம் கறுத்துப்போனப்பவும் நம்ம ஆளுங்கதான் பக்கெட்டை வச்சு வாரினாங்க. பாடம் எடுத்த அந்த அம்மாவோட சனமும் நிலத்தைப் பறிகொடுத்தவங்கதான். ஆனா இன்னிக்கு டாக்டருங்க, வாத்தியாருங்க எல்லாம் நோட்டும் கையுமா அவங்க முன்னாடி உக்காந்து, தண்ணியப் படிக்கறது எப்படின்னு கேக்கறாங்க. நான் அங்க உக்காந்துக்கிட்டு உன்னைத்தான் நெனச்சேன். அவங்க சொன்னதுல பாதி எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்துது, நீ சொல்லிக் குடுத்ததால. மீதிப் பாதிய நீ சொன்னப்ப நான் சின்னப் பொண்ணு, தூங்கி வழிஞ்சேன்.

அதனால ஒண்ணு கேக்கறேன், தட்டாத. அண்ணன் பொண்ணுக்கு ஒரு பெரிய நோட்டு வாங்கிக் குடுக்கப் பணம் அனுப்பியிருக்கேன். சாயங்காலம் நீ வாசல்ல உக்காருவியே, அந்த நேரத்துல அவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொல்லு. வாடைக் காத்து எப்ப எறங்கும், கொண்டல் காத்துல எந்த மீனு கரைக்கு வரும், கடலுக்குள்ள தெண்டி நீரோட்டம் ஓடறதை வலைய வச்சே எப்படிக் கண்டுபிடிக்கற, அந்தக் காலத்துல கரை தெரியாத தூரத்துல எந்தக் கட்டடத்தை அடையாளம் வச்சுத் திரும்பின, எல்லாம். அவ எழுதட்டும். "இதெல்லாம் யாருக்கு வேணும்"னு நீ சொல்லுவ. எனக்கு வேணும். அவளுக்கும் வேணும், நம்ம கரைக்கு நாளைக்கு என்ன பண்ணலாம்னு யாராவது கேட்டா பதில் சொல்ல நம்ம வீட்டுல ஒருத்தி இருக்கணும். முட்டி கொஞ்சம் தேவலாம்னா, ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணன் வண்டில முகத்துவாரத்துக்கு அவளையும் கூட்டிட்டுப் போ. இப்ப கறுப்பு இறங்கியிருக்கா, மட்டி திரும்ப வந்திருக்கான்னு பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க.

டிசம்பர்ல லீவு கேட்டிருக்கேன். கிடைச்சா நேர்ல வந்து அவ நோட்டைப் படிக்கறேன். அம்மாவை வெயில்ல அலைய விடாத.

உன் மக