நிவாரணம் வீட்டை எண்ணி அல்ல, குடும்பத்தை எண்ணி வழங்கப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போதெல்லாம் மூணாறு வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு நினைவுக்கு வந்துவிடுகிறது. ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் அன்று மலை சரிந்து லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியதில் 70 பேரை இழந்தோம். அவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே எட்டவே மறுநாள் காலை ஆயிற்று. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தபோதும், அங்கே பாடி என்று அழைக்கப்படும் எஸ்டேட் வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர்களுக்கு இதே கதி நேர்ந்தது.

ஒவ்வொரு முறையும் தேனி, போடி, கம்பம் என்று எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களிலிருந்து வணிகர்களும் இளைஞர் மன்றங்களும் கோயில், பள்ளிவாசல், தேவாலய அமைப்புகளும் அரிசியும் துணியும் ஏற்றி அனுப்புகிறார்கள். அந்த நல்ல மனத்திற்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும், அந்த உதவி எங்கள் வாழ்க்கை முறைக்குப் பொருந்தும் வகையில் வந்து சேர வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

லய வீடு தொழிலாளியின் சொத்து இல்லை. சட்டப்படி நிர்வாகம் குடியிருக்கக் கொடுப்பது அது. பணி ஓய்வு பெற்றால் காலி செய்துவிட வேண்டும். ஆகவே, வேலையில் இருக்கும் மகனின் பெயரிலோ மருமகளின் பெயரிலோ உள்ள ஒரே வீட்டில், ஓய்வு பெற்ற பெற்றோரும், மணமாகி வேறு வீடு கிடைக்காத தம்பியும், கணவனை இழந்து திரும்பி வந்த அக்காவும் அவள் பிள்ளைகளுமாகக் கூடி வாழ்வது இங்கே சாதாரணம். பொருள் கொண்டு வருபவர்கள் கதவு எண்ணைப் பார்த்து வீட்டுக்கு ஒரு பை என்று கொடுத்துச் செல்லும்போது, மூன்று அடுப்பு எரிய வேண்டிய இடத்தில் ஒரு அடுப்புக்கு மட்டுமே அரிசி கிடைக்கிறது. வீட்டோடு சரிவில் போனவை பாத்திரமும் படுக்கையும் தையல் இயந்திரமும் பிள்ளைகளின் புத்தகமும் என்றாலும், பட்டா இல்லாதவர்களுக்கு அந்த இழப்பைச் சொல்லிக் கேட்கக் காகிதம் ஏதும் இல்லை. அரசு விதிகளை ஒரு நாளில் மாற்ற முடியாமல் இருக்கலாம்; தர்மமாகக் கொடுப்பவர்களை அந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லையே.

அடுத்ததாக, உதவி வரும் காலம். முதல் வாரத்தில் முகாமில் இடம் கொள்ளாத அளவுக்குப் பொருள் குவிகிறது. பள்ளிக்கூடத்தின் மூலையில் பழைய துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பிரித்துப் பார்த்தால் பொத்தான் அறுந்த சட்டையும் ஜாக்கெட் இல்லாத சேலையும்தான் அதிகம் இருக்கும். பெண்களுக்கு உடனடியாக வேண்டிய உள்ளாடையும் நாப்கினும் நைட்டியும் அதில் இருக்காது. வாய்விட்டுக் கேட்க அவர்களுக்குக் கூச்சம். பிறகு பள்ளி திறக்க வேண்டும் என்று முகாமை மூடுவார்கள். உண்மையான கஷ்டம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. மூணாறு டவுனில் வாடகைக்கு வீடு பிடிக்க அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் புதிதாக வாங்க அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும். மலையாளத்தில் உள்ள படிவத்தைப் படித்து நிரப்பித் தர ஆள் இல்லாமல் திரும்பிய முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டிமுடியில் தப்பியவர்களில் 8 குடும்பங்களுக்குக் குற்றியாற்றில் வீடு கட்டித் தரப்பட்டது பெரிய ஆறுதல்தான். அதற்கும் கூட, அந்தக் குடும்பங்கள் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே, திரட்டும் நிதியில் ஒரு பகுதியை மூன்றாம் மாதத்திற்கும் ஆறாம் மாதத்திற்கும் என்று ஒதுக்கி வையுங்கள். இயன்ற வரையில் அதைக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் பணமாகவே செலுத்துங்கள் என்று உதவும் அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறேன். மூணாறுக்கு வரும் மலைப்பாதையான கேப் ரோட்டில் மண் சரிந்தால் போடிமெட்டு வழியாக வரும் லாரி நாள்கணக்கில் நின்றுவிடும். பணத்திற்கு அந்தத் தடை இல்லை. பணம் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று சிலர் சொல்வது, நாள் முழுதும் மழையில் நின்று கொழுந்து கிள்ளிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்களுக்குச் செய்யும் அநீதி.

எந்த லயத்தில் எத்தனை குடும்பங்கள், அவற்றில் முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, தொடர்ந்து மருந்து உண்பவர் எத்தனை பேர் என்ற பட்டியலை, தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் (பிரிவிலும்) தொழிற்சங்கக் கிளையும் பஞ்சாயத்து வார்டு உறுப்பினரும் சேர்ந்து மழைக்கு முன்பே எழுதி வைக்க முடியும். உதவும் அமைப்புகள் மே மாதத்திலேயே அவர்களைத் தொடர்புகொண்டு அந்தப் பட்டியலின் ஒரு பிரதியைத் தங்கள் ஊரில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தேவிகுளம் தாலுகாவிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளியின் மகன்