ராஜனுக்கு முன்னுரை வேண்டாம்

எங்கள் யாங்கோன் சங்கத்தின் திரையிடல் குழுவைச் சேர்ந்த பெரியவர்களுக்கு,

வணக்கம். அடுத்த திரையிடலுக்கு 'அந்த நாள்' படத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மனமார்ந்த நன்றி. ஆனால், படம் தொடங்குமுன் அதன் நாயகன் ராஜன் ஒரு தேசத்துரோகி என்று மேடையில் அறிவித்துவிடுவதென்றும், அவன் தன் பக்கத்தைப் பேசும் இடங்களை வெட்டிவிடுவதென்றும் நீங்கள் முடிவு செய்திருப்பதாக அறிந்தேன். இரண்டையும் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கி ஏ.வி.எம். தயாரித்த இப்படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. தொடக்கத்திலேயே ராஜனாக நடிக்கும் சிவாஜி கணேசன் குண்டடிபட்டுச் சாய்கிறார். அதன்பின் ஜாவர் சீதாராமன் நடித்த துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் வாய்மொழியிலும் வேறொரு ராஜன் எழுந்து வருகிறான். தம்பி பட்டாபியோ தன் சொந்த மனைவி மீதே சந்தேகத்தைத் திருப்பிவிடுகிறான். இத்தனை பேர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்டுத்தான் ராஜன் யாரென்று நாம் அறிய வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட கதைக்கு, முடிவை முதலில் சொல்லும் முன்னுரை எதற்கு?

அவன் செய்த குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ரேடியோ தொழில்நுட்பம் கற்ற ஒருவன், தன் அறிவைத் தன் நாடு மதிக்கவில்லை என்ற ஆற்றாமையில் ஜப்பானியருக்கு உளவாளியாகிறான். 1943 அக்டோபரில் சென்னைமீது அவர்களுடைய குண்டு விழுகிறது. இன்று யாங்கோன் எனப்படும் நம் ரங்கூனில் அது 1941 டிசம்பர் 23ஆம் தேதியே விழுந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம் மாட்டியிருக்கிறது, நேதாஜி படையின் சீருடையில். அந்தப் படைக்குத் துணை நின்றதும் ஜப்பான்தான். அதே ஜப்பானியர் அவருடைய தம்பியைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போனார்கள். அந்தப் பாதையின் பர்மா முனையான தன்பியூசயாட் பக்கம் போனவர் திரும்பவில்லை. அவருக்குப் படமில்லை. ஆடி அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கும்போது அப்பா சொல்லும் பெயர் மட்டும் இருக்கிறது. ஒருமுறை இந்தப் படத்தை வீட்டில் போட்டபோது, ராஜன் பேசத் தொடங்கியதும் பாட்டி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு, உலக்கையைக் கையில் பிடித்தபடியே கடைசிவரை கேட்டார். அவனைத் திட்டவும் இல்லை, அவனுக்காக இரங்கவும் இல்லை.

இந்த ஊரில் ஒரே குடும்பம் ஒரே படையை நம்பியும் இருக்கிறது, அதனிடம் பறிகொடுத்தும் இருக்கிறது. அப்படிப்பட்ட நம் பிள்ளைகளுக்கு ராஜனின் வாதத்தையும், பண்டரிபாய் நடித்த உஷா கணவனுக்கும் நாட்டுக்கும் நடுவே படும் வேதனையையும் முழுமையாகக் கேட்டு எடைபோடத் தெரியாது என்று நினைப்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். பேச்சுக்கு ஒதுக்கிய நேரத்தைப் படம் முடிந்த பிறகு மாற்றி வையுங்கள். மேடையில் ஒருவர் பேசுவதற்குப் பதில், அந்தக் காலத்தைக் கண்ட முதியவர்களையும் இளையவர்களையும் பேசவிடுங்கள். நாற்காலி போடுவது முதல் எந்த வேலைக்கும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர், யாங்கோன்