வீடும் போய், சபையும் போன நேரத்தில் கை கொடுத்தவர்களுக்கு

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் உங்களில் சிலருடைய முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது, தெரிந்தவர்களில் பாதிப் பேர் என் பெயரை எங்கேயும் போட்டுவிடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவில் ஒரே மடல். படிக்கும்போது இது நம்மைத்தான் சொல்கிறாள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து திருச்சபையில் ஊழியம் செய்யும் ஓர் ஆயரின் மனைவியாகப் பல வருடம் இருந்தேன். பிரிந்தோம், இப்போது சட்டப்படி விவாகரத்தும் முடிந்துவிட்டது. ஏன் பிரிந்தோம் என்பதை எழுதப் போவதில்லை. அவர் என் பிள்ளைகளுக்கு அப்பா, இன்னமும் ஊழியத்தில் இருக்கிறார், அது போதும்.

வெளியில் இருப்பவர்களுக்குப் புரியவைக்கச் சிரமப்படுவது வீட்டு விஷயம்தான். ஆயர் குடியிருக்கும் வீடு அவருடையது இல்லை, பதவியோடு வருவது, பதவியோடு போவது. மாதாமாதம் வரும் ஸ்டைபெண்டும், அதாவது ஆயருக்குச் சபை கொடுக்கும் ஊதியமும், குடியிருக்க வீடு உண்டு என்பதைக் கணக்கில் வைத்துத்தான் கொடுக்கப்படுகிறது, அதில் மிச்சம் பிடித்துச் சொந்தமாக ஒன்று வாங்கிப் போடுவது எங்களால் முடிகிற காரியமாக இல்லை. மற்ற தம்பதிகள் பிரிந்தால் வீட்டை விற்றுப் பங்கு போடுவார்கள், எங்களிடம் பங்கு போட வீடே கிடையாது. அவர் அதே சபையில் தொடர்கிறார் என்றால் கிளம்ப வேண்டியது நானும் பிள்ளைகளும்தான். வீட்டோடு ஆலயமும் போய்விடும், ஏனென்றால் அது அவர் வேலை செய்யும் இடம். ஞாயிறு பள்ளி, திருமணம் பேச வருகிறவர்களுக்குத் தேநீர், இரவு 11 மணிக்குத் துக்கச் செய்தியோடு வரும் போன் என்று அத்தனை வருடம் பார்த்த வேலைக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, வேலைக்கு விண்ணப்பம் போடும்போது அதெல்லாம் ஒரு நீளமான வெற்றிடமாகத்தான் தெரிகிறது.

முதல் நன்றி, பேராயரின் விசிட்டர் என்ற பொறுப்பில் இருக்கும் அம்மையாருக்கு. ஆயர் குடும்பம் உடையும்போது மனைவி அல்லது கணவர் பக்கம் நின்று கவனிப்பதற்கென்றே திருமண்டலத்தில், அதாவது ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதியில், ஒருவரை நியமித்து வைக்கிறார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பேராயருக்கு ஆயரைப் பற்றிய பொறுப்பும் இருக்கிறதல்லவா, அதனால் துணைக்குத் தனியாக ஓர் ஆள். நீங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றதும் எனக்குப் பயம்தான். கொஞ்சம் பொறுத்துப் போம்மா, சபைக்குச் சாட்சி கெட்டுவிடும் என்று ஆரம்பிப்பீர்கள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். உட்கார்ந்ததும் நீங்கள் கேட்டது, உங்கள் பெயரில் மட்டும் தனியாக வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று. இல்லை. அதைத் திறக்க வைத்தீர்கள், பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்டு பெனிஃபிட் பணத்தை அதற்கு மாற்ற வைத்தீர்கள். கோபத்தில் நீங்களாகவே வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள், முதலில் கவுன்சிலில், அதாவது உள்ளூராட்சி அலுவலகத்தில், பேசுங்கள் என்றீர்கள். 56 நாளுக்குள் வீடில்லாமல் போகும் நிலை இருந்தால் கவுன்சில் உதவியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதே சமயம் தானாக வெளியேறியவர் என்று எழுதிவிட்டால் விஷயம் சிக்கலாகிவிடும். இதையெல்லாம் அழுதுகொண்டிருக்கும் ஒருத்திக்குப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது.

அப்புறம் பணம். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, ஏனென்றால் அந்தப் பணம் இல்லாவிட்டால் எனக்குச் சாவி கிடைத்திருக்காது. வாடகை டெபாசிட் அதிகபட்சம் 5 வார வாடகை என்று 2019 முதல் இங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் அதோடு முதல் மாத வாடகையும் சேர்த்து ஒரே நாளில் கட்டச் சொன்னால் கையில் ஒன்றுமில்லாதவள் எங்கே போவாள்? அதைக் கட்டியது, ஆயர் குடும்பங்களுக்கு உதவும் கிளர்ஜி சப்போர்ட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை கொடுத்த மானியம். கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். படுக்கைகள், ஃப்ரிட்ஜ், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, பிறகு எனக்கு மனநல ஆலோசனை, எல்லாவற்றிலும் அவர்கள் பணம் இருக்கிறது.

இந்த டிரஸ்டின் கதையைப் பிறகுதான் படித்தேன். 1655-ல், மன்னராட்சியை நீக்கிவிட்டுக் கிராம்வெல் ஆண்ட காலத்தில், சபைகளை இழந்து தெருவுக்கு வந்த ஆயர்களின் குடும்பங்களுக்காக, ஆயர் வீட்டுப் பிள்ளைகளாகப் பிறந்து லண்டனில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்களும் மற்றவர்களும் சேர்ந்து செயின்ட் பால் பேராலயத்தில் ஓர் ஆராதனை நடத்தி ஆரம்பித்தார்களாம். 1678-ல் இரண்டாம் சார்லஸ் அரச பட்டயம் கொடுத்தார். அன்றைக்கு அவர்கள் மனதில் இருந்தது விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும். விதவைக்கு இரங்குவது எந்தக் காலத்திலும் சுலபம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிரிந்து வந்தவளுக்குக் கொடுக்க மனசு வருவதற்குத்தான் நாளாகும், அதுவும் திருமணத்தைப் பரிசுத்தம் என்று பிரசங்கிக்கும் இடத்தில். இன்றைக்கு அந்த உதவி, பிரிந்த, விவாகரத்தான துணைகளுக்கும் கிடைக்கிறது. நான் நிரப்பிய படிவத்தில் வரவு கேட்டார்கள், செலவு கேட்டார்கள், வங்கிக் கணக்கு விவரம் கேட்டார்கள். யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை எல்லோரிடமும் பதில் சொல்லிச் சலித்துப்போயிருந்த எனக்கு, அதைக் கேட்காமல் கொடுத்ததுதான் பணத்தைவிடப் பெரிதாகப் பட்டது. அங்கே என் விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரிக்கும், பெயர் தெரியாமல் அந்த டிரஸ்டுக்குக் காணிக்கை அனுப்பிக்கொண்டிருக்கிறவர்களுக்கும் என் வணக்கம்.

புரோக்கன் ரைட்ஸ் அமைப்பில் போன் எடுத்த அம்மாவுக்கு என்ன எழுதினாலும் போதாது. 1983-ல், ஆயர்களைப் பிரிந்த மனைவிகள் ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கிய அமைப்பு. இன்று பெண் ஆயர்களைப் பிரிந்த கணவர்களும் வரலாம். அங்கே இருக்கிற எல்லோரும் இதைக் கடந்து வந்தவர்களே, அதனால் எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. எல்லாம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நான் சொன்னபோது நீங்கள் அதட்டினீர்கள். பென்ஷன் விஷயம் முடிவாகாமல் விவாகரத்தை முடித்துவைக்கும் இறுதி உத்தரவுக்கு அவசரப்படாதே, விவாகரத்து ஆன மறுநாள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனைவி என்ற பென்ஷன் உரிமை உனக்குக் கிடையாது என்றீர்கள். உங்கள் காலத்தில் பென்ஷனைப் பங்கு பிரிக்கும் சட்டமே இல்லை, அது நடைமுறைக்கு வந்தது 2000 டிசம்பரில். அதற்கு முன்பே உங்கள் வழக்கு முடிந்துவிட்டதால் நீங்கள் இழந்ததை நான் இழக்கக்கூடாது என்று அவ்வளவு பிடிவாதமாக இருந்தீர்கள். விண்ணப்பம் போட்டபின் 20 வாரம் காத்திருக்க வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது, அந்தக் காத்திருப்பை நான் திட்டிக்கொண்டிருந்தேன், நீங்கள் அதைக் கணக்குப் பார்க்கும் நேரமாக மாற்றிவிட்டீர்கள். இன்று பென்ஷன் பங்கு நீதிமன்ற உத்தரவிலேயே இருக்கிறது.

முதல் சந்திப்புக்குக் காசு வாங்காத வழக்கறிஞர் தங்கைக்கும் நன்றி. குடும்ப வன்முறை மாதிரி சில காரணங்கள் தவிர விவாகரத்துக்கு அரசின் சட்ட உதவி 2013-லிருந்து கிடையாது, அதைச் சொல்லும்போது உனக்கே கோபம் வந்ததைப் பார்த்தேன்.

பழைய சபையில் யார் பக்கமும் சேராமல், ஆயரிடம் திருவிருந்து வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கும் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போன இரண்டு பாட்டிமாருக்கு என் அன்பு. அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். தெருவில் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டவர்களையும் எனக்குத் தெரியும், சரி, இது நன்றி மடல், அதை விடுவோம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் ஐக்கியத்தில் இருந்து வேன் எடுத்து வந்து மாடிப்படியில் அலமாரியைத் தூக்கிய அண்ணனுக்கும், ஒரு வார்த்தை அறிவுரை சொல்லாமல் சமையலறையை அடுக்கிக் கொடுத்த அண்ணிக்கும் நான் தனியாக விருந்தே போட வேண்டும்.

இப்போது பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. வாடகையை நானே கட்டுகிறேன். டிரஸ்டுக்கு எழுதி, இனி எனக்கு வேண்டாம், அடுத்தவருக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மறுபடி தேவைப்பட்டால் தயங்காமல் விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்திருந்தது.

இதைப் படிப்பவர்களில் ஆயர் வீட்டிலிருந்து வெளியே வர வேண்டிய நிலையில் இருக்கும் தமிழ்க்காரர் யாராவது இருந்தால், மனைவியோ கணவரோ, உங்கள் திருமண்டலத்தில் விசிட்டர் யார் என்று முதலில் கேளுங்கள். படிவம் நிரப்பப் பக்கத்தில் ஒருவர் வேண்டும், தமிழில் பேசினால்தான் வாய் வரும் என்றால் எனக்கு எழுதுங்கள். மாலை 6 மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.