ஆண்டறிக்கை 2024–25: பச்சை ஸ்டிக்கர், சாம்பார் சட்டி, மூன்று மீட்டர் இடைவெளி

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், நாற்காலி போதாமல் பின்னால் நிற்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஆக்லாந்திலும் சுற்றுவட்டாரத்திலும் மோட்டார்ஹோம், கேரவன் என்று உள்ளேயே சமைத்துத் தூங்கும் வண்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களின் சங்கம் இது. போன ஆண்டு 14 குடும்பங்கள் இருந்தோம், இப்போது 19. புதிதாக வந்த ஐந்து குடும்பங்களில் இரண்டுக்கு இன்னும் வண்டியே இல்லை. வண்டி வாங்குவதற்கு முன்பே சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். காரணம் கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அந்த மலிவு பார்க்கில் தங்கலாமாமே?"

தங்கலாம். ஆனால் வண்டியை நிறுத்தி இரவு தங்கும் அந்தப் பார்க்குகள் நம்முடையவை இல்லை. நம் சங்கத்துக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. இதைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே ஒரு தடவை எழுத்தில் வைத்துவிடுகிறேன். பார்க்குகளை நடத்துவது நியூசிலாந்து மோட்டார் கேரவன் அசோசியேஷன். 1956இல் தொடங்கி, இன்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட தேசியச் சங்கம் அது. நீங்கள் அதில் தனியாக உறுப்பினராக வேண்டும், உங்கள் வண்டி 'செல்ஃப் கன்டெய்ன்ட்' (தண்ணீர், கக்கூஸ், கழிவுக்கான இடம் எல்லாம் தன்னிடமே உள்ளது) என்ற சான்று பெற்றிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் கேட்டுக்குள் போகலாம். நம் சங்கத்தின் ரசீதைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மார்ச்சில் ஒருவரை அனுப்பியும்விட்டார்கள். அவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்லவில்லை.

முதலில் என் மேல் வந்த புகாரைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஜனவரியில் நான்கு வண்டிகளாகத் தென்தீவுக்குப் போனோம். வெலிங்டனுக்கு வடக்கே பிளிமர்ட்டன் பார்க்கில் ஓர் இரவு, அடுத்த நாள் படகு ஏறி பிக்டன், அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச் பக்கம் வீடன்ஸ் பார்க், பிறகு இன்னும் தெற்கே. வழியில் ஒரு பார்க்கில் இரண்டாம் நாள் இரவு எங்கள் வண்டியின் கழுவுநீர் டேங்க் நிரம்பிவிட்டது. நான்கு பேருக்குச் சான்று பெற்ற வண்டி அது. சட்டம் கேட்பது ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளுக்கு, அதாவது 48 லிட்டர் நல்ல தண்ணீர், அதே அளவு கழுவுநீருக்கும் இடம். வெள்ளைக்காரத் தம்பதிக்கு அது நாலைந்து நாளுக்கு வரும். நாங்களோ முதல் நாளே அரிசி களைந்து, பருப்பு கழுவி, புளி கரைத்து, சாம்பார் சட்டியைத் தேய்த்து, மறுநாள் மாவுப் பாத்திரத்தையும் கழுவிவிட்டோம். அளவு காட்டும் விளக்கை நான் பார்க்கவில்லை. குழாயின் வாயில் வைத்திருந்த வாளியும் நிரம்பி, மஞ்சள் தண்ணீர் புல்லில் ஓடிவிட்டது.

பார்க்கைப் பார்த்துக்கொள்ளும் கஸ்டோடியன் டார்ச்சோடு வந்தார். எழுபது வயது இருக்கும். சத்தம் போடவில்லை. இன்னொரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். புல்லில் விழுந்த சாதப் பருக்கைகளை எலி வருவதற்குள் பொறுக்கச் சொன்னார், நானும் அவரும் டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பொறுக்கினோம். இந்த இடத்துக்கு கவுன்சில் (உள்ளாட்சி) அனுமதி கொடுத்திருப்பதே கழிவு தரையைத் தொடாது என்ற பேச்சின் மேல்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஆறரை மணிக்கு, வண்டிக் கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனை அவர் தானே கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யாரோ கேசட்டை, அதாவது கக்கூஸுக்கு அடியில் கழிவு சேரும் பெட்டியை, கொட்டிவிட்டு அலசாமல் போயிருக்கிறார்கள். அந்த வேலைக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. சொந்த வண்டியில் தங்கி, தன்னார்வமாகப் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

கட்டணம் ஏன் குறைவு என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். பல ஆண்டுகள் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 3 டாலர் என்று இருந்தது. இப்போது கூடியிருந்தாலும் வணிக ஹாலிடே பார்க்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அங்கே கரண்ட் வசதியுள்ள இடத்துக்கு இரண்டு பேருக்கே 50 டாலரைத் தாண்டுகிறது. மலிவுக்கு மாயம் ஒன்றும் இல்லை. பெரும்பாலான பார்க்குகளில் இருப்பது வேலி போட்ட நிலம், தண்ணீர்க் குழாய், கழிவு கொட்டும் இடம், இவ்வளவே. கரண்ட் இல்லை, வெந்நீர்க் குளியல் இல்லை, பொதுச் சமையல்கட்டு இல்லை. கூரைமேல் சோலார் பேனலையும், கீழே பேட்டரியையும், உள்ளே கக்கூசையும் நாமே சுமந்துகொண்டு போகிறோம். மிச்சமிருக்கிற வேலையை உறுப்பினர்களே செய்கிறார்கள். அந்த 'உறுப்பினர்களே' என்பதில் நாம் இதுவரை இல்லை, அதுதான் என் குறை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சமையல் பற்றி ஒரு வார்த்தை. பயணத்துக்குப் பிறகு பெண்கள் கூடிப் பேசி (இரண்டு ஆண்களும் இருந்தார்கள், அதையும் பதிவு செய்கிறேன்) சில வழிகள் கண்டிருக்கிறார்கள். அரிசியை வீட்டிலேயே களைந்து துணியில் உலர்த்தி டப்பாவில் கொண்டுபோவது. இட்லி மாவை ஃப்ரீசரில் உறைய வைத்து எடுத்துப்போவது. எண்ணெய்ச் சட்டியைத் தண்ணீர் படுவதற்கு முன் பேப்பரால் துடைத்துக் குப்பைப் பையில் போடுவது. இந்தக் கடைசி விஷயம் முக்கியம், ஏனென்றால் குளிரில் எண்ணெய் டேங்க் சுவரில் உறைந்துகொண்டால் நாற்றம் வசந்தம்வரை போகாது. நம் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், நல்ல தண்ணீரை இரண்டு லிட்டர் பாட்டிலில் அளந்து, பாத்திரம் கழுவ நாளைக்கு இரண்டே பாட்டில் என்று வீட்டுக்காரருக்கு ரேஷன் போட்டிருக்கிறார். அவர்கள் வண்டி நான்கு இரவு தாங்கியது.

இப்போது பச்சை ஸ்டிக்கர். 2023 ஜூன் 7இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி 'செல்ஃப் கன்டெய்ன்ட்' சான்றாக வண்டியில் ஒட்டும் பழைய நீல வாரண்டுக்குப் பதில் பச்சை வாரண்ட் வேண்டும். தனியார் வண்டிகளுக்குக் கடைசித் தேதி 2026 ஜூன் 7. அதற்கு முன்பே உங்கள் நீலம் காலாவதியானால் அன்றோடு சரி. பச்சை வாங்கினால் நான்கு ஆண்டுகளுக்கு நிற்கும். நம்மிடம் உள்ள 17 வண்டிகளில் 9 மாறிவிட்டன. மீதி எட்டில் மூன்று பேருக்கு நேரமில்லையாம், ஐந்து பேருக்குக் கக்கூஸ்தான் பிரச்சினை.

புதிய சட்டம் கேட்பது வண்டியோடு பொருத்தப்பட்ட கக்கூஸ். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வைக்கும் போர்ட்டபிள் பெட்டி இனிச் செல்லாது. படுக்கை விரித்திருக்கும்போதும் அதைப் பயன்படுத்த இடம் இருக்க வேண்டும். பெரிய வண்டிக்காரர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஹையேஸ் மாதிரி சின்ன வேனைத் தாமே மாற்றி வைத்திருப்பவர்கள் திண்டாடுகிறார்கள். ஒரு உறுப்பினர் மூன்று வாரம் உழைத்து, பின்கதவுப் பக்கம் ஒரு பெட்டி அடித்து அதற்குள் பொருத்தினார். பக்கத்தில்தான் அடுப்பு. ஊரிலிருந்து வந்திருந்த அவர் அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சமைக்கிற இடத்திலயாடா இது?" என்று கேட்டவர், அந்த வண்டியில் காபிகூடக் குடிக்க மறுத்துவிட்டார். சோதனையில் வண்டி தேறியது, அம்மாவிடம் இன்னும் தேறவில்லை. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அவர் தன் வேனைத் திறந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஐந்து பேரும் அளவெடுக்கும் டேப் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கேசட்டில் ஊற்றும் மருந்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஃபார்மால்டிஹைட் கலந்ததை வாங்காதீர்கள். செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவை அது கொன்றுவிடும். மலிவாக இருக்கிறது என்று மூன்று பாட்டில் வாங்கி வைத்தவர் அதைச் சங்கத்துக்கு நன்கொடையாகத் தர முன்வந்தார். நன்றி, வேண்டாம்.

வெளியில் நடந்தவற்றில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். குயின்ஸ்டவுன் லேக்ஸ் கவுன்சில் 2021இல் போட்ட ஃப்ரீடம் கேம்பிங் (பொது இடத்தில் வண்டியை நிறுத்தித் தங்குவது) துணைவிதியை எதிர்த்துத் தேசியச் சங்கம் வழக்குப் போட்டிருந்தது. 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலுக்கு மூன்றே காரணங்களைத்தான் கொடுக்கிறது: இடத்தைப் பாதுகாப்பது, வந்துபோகிறவர்களின் உடல்நலம் மற்றும் பாதுகாப்பு, அந்த இடத்துக்குப் போய்வரும் வழியைக் காப்பது. கவுன்சில் அதைத் தாண்டிய காரணங்களையும் எடுத்துக்கொண்டது என்பது தீர்ப்பு. நம்மில் சிலர் இதைக் கேட்டுவிட்டு, இனி ஏரிக்கரையில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று வாட்ஸப்பில் கொண்டாடினார்கள். அப்படி இல்லை. விதியில் ஓட்டை என்றால் கவுன்சில் புதிதாக ஒன்று எழுதும். அதோடு, உறுப்பினர் பார்க் என்பது வேறு கணக்கு. அங்கே நாம் பொது இடத்தில் ஓசியில் நிற்கவில்லை, அனுமதி வாங்கிய நிலத்தில் கட்டணம் கட்டித் தங்குகிறோம். வண்டிக்கும் வண்டிக்கும் மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள் என்று அங்கே சொல்வது தீ பரவாமல் இருக்கத்தான். நாம் நான்கு வண்டிகளையும் ஒட்டி நிறுத்தி நடுவில் பாய் விரிக்கிற வழக்கத்தை விட வேண்டும். பாயை வேறு பக்கம் விரிக்கலாம்.

ஹாலிடே பார்க் நடத்துகிறவர்கள் இந்தப் பார்க்குகளால் தங்கள் வியாபாரம் போகிறது என்று வருத்தப்படுவதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். சின்ன ஊரில் இருபது இடம் வைத்திருப்பவருக்கு ஐந்து வண்டி குறைந்தாலும் வலிக்கும். ஆனால் தென்தீவுப் பயணத்தில் நாங்களே நான்கு இரவுக்கு ஒருமுறை ஹாலிடே பார்க்குக்குத்தான் போனோம், துணி துவைக்க, பிள்ளைகளை வெந்நீரில் குளிப்பாட்ட. ஊருக்குள் பெட்ரோலுக்கும் பாலுக்கும் பேக்கரிக்கும் செலவழித்ததையும் பொருளாளர் கணக்கில் பாருங்கள். பேக்கரிக் கணக்கு கொஞ்சம் அதிகம்தான்.

மற்ற நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நவம்பரில் ஆர்ட்மோர் பார்க்கில் வார இறுதி. பக்கத்திலேயே விமானத்தளம், பிள்ளைகள் சின்ன விமானங்களை எண்ணிக்கொண்டே பொழுதைக் கழித்தார்கள், நாங்கள் தூங்கினோம். பொங்கலுக்குப் பாதிப் பேர் தெற்கே இருந்ததால் கேஸ் அடுப்பில் வைத்த பொங்கல் பொங்கியதா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஈஸ்டர் பயணம் மழையால் நின்றது. ஜூனில் மட்டாரிக்கி (மாவோரிப் புத்தாண்டு) விடுமுறைக்கு ஐந்து குடும்பங்கள் போய் வந்தன.

அப்புறம், மேலே தள்ளிவைத்த குறை. மே மாதம் நாம் அடிக்கடி தங்கும் பார்க்கில் வொர்க்கிங் பீ வைத்தார்கள். நம் இலங்கை நண்பர்கள் சிரமதானம் என்பார்களே, அதேதான். புல் வெட்ட, வேலிக் கம்பம் நட, குழாயடியில் சரளை பரப்ப ஆள் கேட்டார்கள். வாட்ஸப் குழுவில் 19 குடும்பமும் கட்டைவிரல் காட்டியது. வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவருக்கு வண்டியே கிடையாது, சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவர்தான் அதிகம் மண் அள்ளினார். கோடையில் இரண்டு வாரம் கஸ்டோடியனாக இருக்க ஆள் தேவை என்றும் அன்று கேட்டார்கள். நான் செயற்குழுவில் இதைச் சொன்னபோது எல்லாரும் டீ கப்பைப் பார்த்தார்கள், நான் உட்பட. பார்க்கில் கஸ்டோடியன் கிடைக்காவிட்டால் கூலிக்கு ஆள் வைப்பார்கள், கூலிக்கு ஆள் வைத்தால் கட்டணம் ஏறும். ஏறியதும் நாம் வாட்ஸப்பில் புலம்புவோம்.

எனவே செயற்குழு ஒரு தீர்மானம் வைக்கிறது. அடுத்த ஆண்டு ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிரமதானத்துக்காவது வர வேண்டும். கோடையில் இரண்டு வாரக் கஸ்டோடியன் பணியை நான்கு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாமா என்று தேசியச் சங்கத்திடம் கேட்டு எழுதுவோம். முதல் நான்கு நாளுக்கு எங்கள் குடும்பத்தின் பெயரைப் போட்டிருக்கிறேன். அந்தச் சாதப் பருக்கைக் கடன் ஒன்று பாக்கி இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வைப்பார். ஆண்டுச் சந்தா பாக்கி உள்ள மூவரும் இன்று போவதற்கு முன் அவரைப் பார்க்கவும். பெயர் எழுதும் தாள் டீ பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன தடவை பேனா காணாமல் போனதால் இந்தத் தடவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
ஆக்லாந்து, ஆகஸ்ட் 2025