உலகம் என்றால் எந்த நாலு பேர்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைத் தலையங்கத்தில் சிங்கப்பூரின் மரண தண்டனையைப் பற்றி எழுதிவிட்டு, "உலகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நாம் மாறத்தான் வேண்டும்" என்று முடித்திருந்தீர்கள். தண்டனை வேண்டுமா வேண்டாமா என்பது எனக்குள்ளேயே இன்னும் தீராத வழக்கு. அதை விடுங்கள். அந்த "உலகமே"தான் மூன்று நாளாக உறுத்துகிறது.

எந்த உலகம் ஐயா? தங்களுக்குத் தெரியாததா? 2007இல் தண்டனையை நிறுத்திவைக்கச் சொன்ன ஐநா பொதுச் சபைத் தீர்மானத்தை 104 நாடுகள் ஆதரித்தன, 54 எதிர்த்தன. எதிர்த்தது நாம் மட்டுமா? அமெரிக்கா, சீனா, இந்தியா, ஜப்பான் எல்லாம் நம் பக்கம்தான். இப்போது ஆதரவு 120ஐத் தாண்டிவிட்டது என்பீர்கள். சரி, 104 பேர் வேண்டாம் என்றபோது சரியாக இருந்த நம் நிலை 120 பேர் சொன்னதும் தப்பாகிவிடுமா?

நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் என் குடும்பத்துக்குப் பழசு. என் அக்கா 26 வயதில் கைம்பெண்ணானாள், கையில் இரண்டு வயதுப் பையன். அவளைக் கட்டிக்கொள்ள ஒருவர் தயாராக இருந்தார், நல்ல மனிதர், துறைமுகத்தில் வேலை. நாலு பேர் பேசுவார்கள் என்று அப்பா மறுத்துவிட்டார். அந்தப் பையன் பிறகு ஹெராயினில் விழுந்தான். மறுவாழ்வு நிலையத்துக்கு அக்கா தனியாகத்தான் போய் வந்தாள். அவன் போய்ச் சேர்ந்த அன்றும் அந்த நாலு பேரில் ஒருவரும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்கத்துக்கு வந்து உட்காரவில்லை. தூக்குக்குக் காத்திருக்கும் போதைப்பொருள் கடத்தல்காரர்களுக்காகப் பரிந்து பேசும் வெளிநாட்டுக் கோடீஸ்வரர்களும் அங்கே இல்லை. ஆனால் 2022 ஏப்ரலில் ஹெராயின் கடத்தியதற்காக நாகேந்திரன் என்ற மலேசியத் தமிழ் இளைஞரைத் தூக்கிலிட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்காக மலேசியப் பிரதமரே கடிதம் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. 1994இல் இங்கே பிரம்படி விதிக்கப்பட்ட ஒரு அமெரிக்க இளைஞனுக்காக அமெரிக்க அதிபர் கேட்டபோது 6 அடி 4 ஆனது. குற்றம் வேறு, சட்டம் வேறு, தெரியும். ஆனாலும் உலகத்தின் குரலில் எந்தக் குரலுக்கு எவ்வளவு எடை என்று எங்களைப் போன்ற சாமானியர்களுக்கும் கொஞ்சம் புரிகிறது.

1968இல் எனக்கு 18 வயது. இங்கே மெக்டொனால்ட் ஹவுஸ் என்ற கட்டடத்தில் குண்டு வைத்த இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்களைத் தூக்கிலிட வேண்டாம் என்று இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவே கேட்டுக்கொண்டார். நாடாகி மூன்றே வருஷம் ஆன நாம் மறுத்தோம். ஜகார்த்தாவில் நம் தூதரகத்தைச் சூறையாடினார்கள். 1973இல் நம் பிரதமர் லீ குவான் இயூ அங்கே போய் அந்த இருவரின் கல்லறையில் மலர் தூவினார். தூக்கிலிட்டது சரியா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் முடிவும் நம்முடையது, அதன் பாரமும் நம்முடையது.

நம் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விமான நிலையத்துக்கும் கடப்பிதழுக்கும் (பாஸ்போர்ட்) உலகம் முதலிடம் கொடுத்தால் முதல் பக்கத்தில் படம் போட்டுக் கொண்டாடுகிறோம். அதே உலகம் குறை சொன்னால் மட்டும் "நம் உள் விவகாரம்" ஆகிவிடுகிறது.

தாங்கள் மட்டும் என்ன? பெயர்ப்பலகை ஒன்றில் தமிழ் தப்பாக இருக்கிறதென்று நான் இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதம் வரவே இல்லை, இரண்டாவது பாதியாக வெட்டுப்பட்டு வந்தது. சென்னையிலிருந்து சுற்றுலா வந்த ஒருவர் அதே பலகையைப் படமெடுத்து இணையத்தில் போட்டுச் சிரித்ததும் தங்களுக்கு அது அரைப்பக்கச் செய்தியாகிவிட்டது. ஐம்பது வருஷ வாசகனின் கண்ணுக்கு அந்த மதிப்புக்கூட இல்லை போலிருக்கிறது. பரவாயில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி "உலக நாடுகள்" என்று எழுதும்போது எந்தெந்த நாடுகள் என்று பெயர் போடச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஐநா கணக்கை வெட்டிக்கொள்ளுங்கள். அக்காவைப் பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
அங் மோ கியோ